ஏலத்தில் கிடைக்காதது

ஒவ்வோர் ஆண்டும் ஐபிஎல் ஏலம் நடக்கும் நாளில் நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறது. சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை தலைப்புச் செய்தியாகிறது. 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தை 27 கோடி ரூபாய்க்கு லக்னௌ அணி எடுத்தபோது, இந்திய விளையாட்டு வரலாற்றின் உச்சம் அதுதான் என்று கொண்டாடப்பட்டது. மறுநாள் தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் அதே பேச்சு. ஆனால், ஐபிஎல் தொடங்கிய 2008 முதல் இன்றுவரை அணிகள் செய்த மிகச் சிறந்த தேர்வுகள் எவை என்று நிதானமாகப் பட்டியலிட்டுப் பார்த்தால், அவற்றில் பலவற்றை ஏலக் கூடத்தின் ஆரவாரத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதே உண்மை.

இதற்குத் தலைநகர் தில்லியைவிடச் சிறந்த சான்று இல்லை. 2008 மார்ச்சில் 19 வயதுக்குள்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அந்த அணியின் தலைவர் விராட் கோலி, தில்லி இளைஞர். மேற்கு தில்லி கிரிக்கெட் அகாதெமியில் பயிற்சியாளர் ராஜ்குமார் சர்மாவிடம் சிறுவயது முதல் பயின்றவர். அந்த இளம் வீரர்களை அணிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்வில் தில்லி அணிக்கே முதல் வாய்ப்பு கிடைத்தது. சேவாக், கம்பீர், ஷிகர் தவன், டிவில்லியர்ஸ் என பேட்ஸ்மேன்கள் நிறைந்திருந்ததால், பந்துவீச்சாளர் தேவை என்று கருதிய தில்லி, வேகப் பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுத்தது. கோலி 12 லட்சம் ரூபாய்க்கு பெங்களூருக்குப் போனார்.

அன்றைய கணக்குப்படி தில்லியின் முடிவில் தவறு காண முடியாது. அணியில் எது குறைவோ அதைத் தேடினார்கள். ஆனால், அன்றைய தேவையை மட்டும் பார்ப்பதற்கும் ஒரு வீரனின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் காலம் காட்டியது. அதற்குப் பிந்தைய 18 பருவங்களில், அதாவது 2025 வரை, தில்லி ஒரு முறைகூடக் கோப்பையை வெல்லவில்லை. 2020-ல் இறுதி ஆட்டம் வரை சென்றதே அதன் உச்சம். கோலியோ ஒரே அணிக்காக 8,600 ரன்களுக்கு மேல் குவித்தார்.

இதில் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. முதல் பருவத்தில் கோலி 13 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 165 ரன்கள். அத்தோடு அவரைக் கைகழுவியிருந்தால் குறை சொல்வார் இருந்திருக்க மாட்டார்கள். பெங்களூரு காத்திருந்தது. 2011-ல் எல்லா வீரர்களும் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, அந்த அணி தக்கவைத்துக்கொண்ட ஒரே வீரர் கோலிதான். 2016-ல் ஒரே பருவத்தில் 973 ரன்கள் என்ற சாதனை அந்தப் பொறுமைக்குக் கிடைத்த வட்டி. 12 லட்சம் என்பது வாங்கிய விலை. காத்திருந்த ஆண்டுகளே உண்மையான முதலீடு.

வள்ளுவர் இந்தச் செய்தியை ஒரே அதிகாரத்தில் முடித்துவிடவில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமும், தேர்ந்தெடுத்தவரைத் தக்க பணியில் அமர்த்துவதற்குத் "தெரிந்து வினையாடல்" என்று அடுத்த அதிகாரமும் வகுத்தார். ஏல மேடையில் நடப்பது முதலாவதில் பாதிகூட இல்லை. இரண்டாவது அதிகாரத்தைப் படித்த அணிகளே கோப்பைகளை வென்றிருக்கின்றன.

அதிக விலை கொடுப்பதே தவறு என்பதல்ல வாதம். 2008 பிப்ரவரி 20-ல் மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் மகேந்திர சிங் தோனிக்கு சென்னை அணி கொடுத்த 15 லட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய், அந்த ஏலத்தின் மிகப் பெரிய தொகை. சச்சின், கங்குலி, திராவிட், சேவாக், யுவராஜ் ஆகிய நட்சத்திர வீரர்கள் ஏலத்துக்கு வராமலேயே அவரவர் ஊர் அணிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தனர். அந்த நட்சத்திர வீரருக்கு, அணியில் அதிகச் சம்பளம் பெறுபவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. ஓர் அணி ஏலத்தில் செலவிடக்கூடிய மொத்தத் தொகையோ 50 லட்சம் டாலர்தான். எனவே தோனிக்கு விலையை ஏற்ற ஏற்ற, நட்சத்திர வீரரை வைத்திருந்த அணிகளின் கை கட்டப்பட்டது. நட்சத்திர ஒதுக்கீடு இல்லாத சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. இந்தியாவின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர் அன்று சென்னையின் தேர்வுப் பொறுப்பில் இருந்தார்.

தலைமை, விக்கெட் காப்பு, கடைசி ஓவர்களில் ஆட்டத்தை முடிக்கும் ஆற்றல் என மூன்று பணிகளை ஒருவரே செய்தார். விலை கூடுதலாகத் தெரிந்தது. பணிகளைப் பிரித்துப் பார்த்தால் மலிவு. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள் சென்னைக்கு வந்தன. ராஞ்சியில் பிறந்தவர் சென்னையின் பிள்ளையானது, எந்த ஏலப் பட்டியலிலும் விலை குறிக்க முடியாத வரவு.

அதே முதல் பருவத்தில் ராஜஸ்தான் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. எட்டு அணிகளில் மிகக் குறைந்த விலைக்கு, 6.7 கோடி டாலருக்கு, விற்கப்பட்ட அணி அது. சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட 38 வயது ஷேன் வார்னை 4.5 லட்சம் டாலர் என்ற அடிப்படை விலைக்கே எடுத்தது. அவரைத் தலைவராகவும் பயிற்சியாளராகவும் அமர்த்தியது. ஒரு லட்சம் டாலருக்கு வந்த பாகிஸ்தானின் சொஹைல் தன்வீர் 22 விக்கெட்டுகள் வீழ்த்தி அந்தப் பருவத்தின் முதன்மைப் பந்துவீச்சாளரானார். கோவாவிலிருந்து வந்த ஸ்வப்னில் அஸ்னோத்கர் தொடக்க ஆட்டக்காரரானார். 19 வயது ரவீந்திர ஜடேஜாவை வார்ன் தட்டிக்கொடுத்து வளர்த்தார். ஜூன் 1-ல் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையை வீழ்த்தி ராஜஸ்தான் கோப்பையை வென்றது. ஏழை அணி என்று எள்ளப்பட்டவர்கள், வீரர்களைவிட முதலில் ஓர் ஆசானை வாங்கினார்கள் என்பதுதான் அந்த வெற்றியின் பொருள்.

மும்பை அணியின் கதையில் ஏல மேடையே இல்லை. 2013-ல் உள்நாட்டு 20 ஓவர் போட்டி ஒன்றைப் பார்க்கச் சென்ற பயிற்சியாளர் ஜான் ரைட்டின் கண்ணில், விசித்திரமான ஓட்டமும் விறைத்த கையுமாகப் பந்து வீசிய குஜராத் இளைஞர் ஒருவர் பட்டார். அதுவரை அவர் ஒரு ரஞ்சி ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. சில வாரங்களிலேயே மும்பை அணியில் களமிறங்கி, முதல் ஓவரிலேயே விராட் கோலியை வீழ்த்தினார். அவர்தான் ஜஸ்பிரீத் பும்ரா. முகத்தை நேரில் பார்க்காமல் புள்ளிவிவரத் தாளை மட்டும் புரட்டியிருந்தால் அவர் பெயர் அதில் இருந்திருக்காது. 2024-ல் இந்தியா 20 ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் அவர்.

கொல்கத்தா 2012-ல் 7 லட்சம் டாலர் கொடுத்து சுனில் நரைனை எடுத்தபோது, யார் இவர் என்றே பலரும் கேட்டார்கள். அந்தப் பருவத்திலேயே 24 விக்கெட்டுகளும் அணிக்கு முதல் கோப்பையும் கிடைத்தன. பின்னர் அவரது பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்து தடைகள் வந்தபோதும் அணி அவரைக் கைவிடவில்லை. கடைநிலையில் மட்டை பிடித்தவரைத் தொடக்க ஆட்டக்காரராக்கியது. 2024-ல் கொல்கத்தா மூன்றாவது முறையாகக் கோப்பை வென்றபோது அவர் 488 ரன்களும் 17 விக்கெட்டுகளும் எடுத்து, மூன்றாவது முறையாகத் தொடரின் சிறந்த வீரரானார். பந்துவீச்சாளராக வாங்கப்பட்டவருக்குள் ஒரு பேட்ஸ்மேனையும் கண்டெடுத்தது, தெரிந்து வினையாடலுக்குச் சரியான எடுத்துக்காட்டு.

விலைபோகாதவர்களின் கதை இன்னும் வியப்புக்குரியது. 2011 ஏலத்தில் கிறிஸ் கெயிலை எந்த அணியும் எடுக்கவில்லை. காயமடைந்த டிர்க் நேனஸுக்கு மாற்றாக பெங்களூரு அவரை அழைத்தது. 12 ஆட்டங்களில் 608 ரன்கள் குவித்து அந்தப் பருவத்தின் முதன்மை ஆட்டக்காரரானார். இரண்டு ஆண்டுகள் கழித்து புணே அணிக்கு எதிராக அவர் எடுத்த 175 ரன்கள் சாதனைப் பட்டியலில் நிலைத்துவிட்டது. 2022 ஏலத்தில் மத்தியப் பிரதேசத்தின் ரஜத் பட்டிதாரையும் கேட்பாரில்லை. அவரும் மாற்று வீரராக 20 லட்சம் ரூபாய்க்கு பெங்களூருக்கே வந்தார். 2025 ஜூன் 3-ல் 18 பருவக் காத்திருப்புக்குப் பின் பெங்களூரு முதல் கோப்பையை ஏந்தியபோது அணித் தலைவர் அவர்தான். மறுநாள் பெங்களூரில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 உயிர்கள் பறிபோனது அந்த வெற்றியின் மீது படிந்த ஆறாத துயரம்.

தமிழகமும் இந்தப் பட்டியலுக்குத் தன் பங்கை அளித்திருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்து டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன், 2017-ல் 3 கோடி ரூபாய்க்கு பஞ்சாபுக்குப் போனார். அங்கு நிலைக்கவில்லை. மறு ஆண்டு ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்துப் பொறுமை காத்தது. 2020-ல் அவரது யார்க்கர் பந்துகள் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தன. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தியை 2019-ல் 8.4 கோடி கொடுத்து எடுத்த பஞ்சாப், ஒரே ஆட்டத்துடன் அவரை விட்டுவிட்டது. பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு, எடுத்த கொல்கத்தாவுக்கு அவர் கோப்பை வெல்லும் பந்துவீச்சாளரானார். சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் எடுத்தது 20 லட்சத்துக்கு. அடுத்த ஆண்டு டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குத் தந்தது 21.6 லட்சம். உலகின் பணக்கார லீக்கைவிட உள்ளூர் லீக் அவரைச் சரியாக எடைபோட்டது. 2025 ஐபிஎல் பருவத்தில் 759 ரன்களுடன் முதலிடம் பிடித்தவர் அவரே.

இனி உச்ச விலைகளைப் பார்க்கலாம். 27 கோடிப் பந்து 2025-ல் எடுத்தது 269 ரன்கள். லக்னௌ ஏழாம் இடத்தில் முடிந்தது. 23.75 கோடிக்குக் கொல்கத்தா எடுத்த வெங்கடேஷ் ஐயர் 142 ரன்களே எடுத்தார். மறுபுறம், 26.75 கோடி பெற்ற ஸ்ரேயஸ் ஐயர் 604 ரன்கள் குவித்து, பஞ்சாபை 2014-க்குப் பின் முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 24.75 கோடி பெற்ற மிட்செல் ஸ்டார்க், 2024-ல் தகுதி ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் ஆட்ட நாயகனாகிக் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். கபடியிலும் இதே கதைதான். 2022-ல் 2.26 கோடிக்கு தமிழ் தலைவாஸ் எடுத்த பவன் சேராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்துடன் வெளியேறினார். விலை, திறமையின் அளவுகோல் அல்ல. அன்று அந்தக் கூடத்தில் எத்தனை பேர் ஒரே ஆளுக்காகப் போட்டியிட்டார்கள் என்பதன் அளவுகோல் மட்டுமே.

திறமைக்கு அப்பாற்பட்ட சுவர்களும் உண்டு. முதல் பருவத்தின் முதன்மைப் பந்துவீச்சாளரான தன்வீருக்கு இரண்டாம் பருவம் வாய்க்கவில்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் வீரர்கள் 2009-ல் ஆடவில்லை. 2010 ஏலத்துக்கு வந்த 11 பாகிஸ்தானியரை எந்த அணியும் கேட்கவில்லை. ஈழத் தமிழர் படுகொலையின் வேதனை கொதித்துக்கொண்டிருந்த 2013-ல், சென்னையில் நடந்த ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் களமிறங்கவில்லை. 2025 டிசம்பரில் 9.20 கோடிக்கு வங்கதேசத்தின் முஸ்தபிசுர் ரஹ்மானை எடுத்த கொல்கத்தா, அடுத்த மாதமே கிரிக்கெட் வாரியத்தின் உத்தரவுப்படி அவரை விடுவித்தது. மக்களின் உணர்வும் அரசின் கொள்கையும் விளையாட்டின் வாசலில் நிற்பது புதிதல்ல. ஆனால், யாருக்குக் கதவு திறக்கும், யாருக்கு மூடும் என்பது ஏலத்துக்கு முன்பே தெளிவாக்கப்பட வேண்டும். ஏலத்தில் எடுத்த பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவரது பிழைப்போடு ஆடும் ஆட்டம்.

விற்கப்படுபவருக்குக் குரல் உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. வார்ன் வளர்த்த ஜடேஜா, தன் ஒப்பந்தம் குறித்து வேறு அணிகளுடன் பேசியதற்காக 2010 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். தனக்கான சம்பளத்தைப் பேசிப் பார்ப்பது எந்தத் தொழிலிலும் குற்றமல்ல. இங்கே அது குற்றமாயிற்று. 2012-ல் சென்னை அவரை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு ஈடாக, சாம் கரனுடன் சேர்த்து அவரை ராஜஸ்தானுக்கு மாற்றிக்கொடுத்தது சென்னை. அவரது சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. ஜடேஜா போன்ற மூத்தவர்களுக்குப் பேசும் வலிமை இருக்கும். 20 லட்சம் ரூபாய் இளைஞனுக்கு யார் பேசுவார்? 2019-ல் அமைக்கப்பட்ட இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம்கூட ஓய்வு பெற்றவர்களுக்கானதுதான். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இல்லாத தொழில் இது.

மறக்கப்பட்டவர்களும் இந்த வரலாற்றின் பகுதியே. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து வந்து 2009-ல் வார்னின் கண்டுபிடிப்பு என்று புகழப்பட்ட கம்ரான் கானின் பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்தது. பின்னர் வேறு அணிக்குச் சென்றும் அவர் நிலைக்கவில்லை. நரைனுக்குக் கிடைத்த நீண்ட அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2011-ல் சென்னைக்கு எதிராக 120 ரன்கள் விளாசிய பஞ்சாபின் பால் வல்தாட்டியின் பயணத்தைக் காயம் முடித்துவைத்தது. ஓர் இரவில் வந்த புகழ் சில பருவங்களில் கரைந்துபோனால், திரும்பிச் செல்ல அவர்களுக்கு இருப்பது உள்நாட்டுக் கிரிக்கெட் மட்டுமே.

அந்த உள்நாட்டுக் கிரிக்கெட்டின் நிலை என்ன? 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய அனுபவமிக்க ரஞ்சி வீரருக்கு நாளொன்றுக்கு 60 ஆயிரம் ரூபாய் என்று 2021-ல் நிர்ணயிக்கப்பட்டது. நான்கு நாள் வெயிலில் நின்றால் 2.4 லட்சம். ஐபிஎல்லில் களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், ஏலத் தொகை போக, 7.5 லட்சம் என்று 2025 முதல் தரப்படுகிறது. மூன்று மணி நேர ஆட்டத்தின் ஊதியம், நான்கு நாள் ஆட்டத்தின் ஊதியத்தைப் போல மும்மடங்கு. பும்ராவும் பட்டிதாரும் எந்த வயலில் கண்டெடுக்கப்பட்டார்களோ, அந்த வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்கு 9,678 கோடி. 2025-ல் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு, ஆட்ட ஊதியத்தையும் சேர்த்து, சுமார் 146 கோடி. பத்து அணிகளுக்கும் சேர்த்து 1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயில் மட்டும் கணக்கிட்டாலே, ஆட்டத்தை ஆடுபவர்களுக்குப் போவது ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 27 கோடி என்ற எண்ணைப் பார்த்து வியக்கும் கண்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

மகளிர் கிரிக்கெட்டின் ஏற்றத்தாழ்வு இதனினும் கூர்மையானது. 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஏலத்தில் தமிழகத்தின் 16 வயது கமலினியை 1.60 கோடிக்கு மும்பை எடுத்தது. மும்பையின் தாராவியிலிருந்து வந்த சிம்ரன் ஷேக்கை 1.90 கோடிக்கு குஜராத் எடுத்தது. இருவரின் அடிப்படை விலையும் 10 லட்சம். நாடு மகிழ்ந்தது நியாயமே. ஆனால், அந்த மகளிர் ஏலத்தில் ஓர் அணி முழுமைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை 15 கோடி. ஓர் ஆண் வீரருக்கு 27 கோடி தரும் அமைப்பு, ஒரு பெண்கள் அணிக்கே அதில் முக்கால் பங்குகூடத் தரவில்லை.

இதற்கெல்லாம் தீர்வு ஏலத்தை ஒழிப்பதல்ல. சிற்றூர் இளைஞனின் திறமைக்கு ஒரே நாளில் மதிப்பைப் பெற்றுத் தந்த அமைப்பு அது. ஆனால், கண்டெடுத்தவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். கால்பந்து உலகில் இதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் பெரும் தொகைக்கு அணி மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. உலகப் புகழ் பெற்ற வீரரின் முதல் ஊர் மைதானத்துக்கும் அதனால் புல் கிடைக்கிறது.

ஐபிஎல்லுக்கும் இது அந்நியமான எண்ணம் அல்ல. வெளிநாட்டு வீரர் வந்து ஆடினால் அவரது நாட்டு வாரியத்துக்கு ஒரு பங்கு தரப்படுகிறது. 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தபோது, சிறு ஏலத்தில் வெளிநாட்டவர் பெறக்கூடிய உச்ச வரம்பான 18 கோடியே அவருக்கு என்றும், மீதி 7.20 கோடி வீரர் நல நிதிக்கு என்றும் விதி சொன்னது. வெளிநாட்டு வாரியத்துக்கு உள்ள உரிமை சின்னப்பம்பட்டிக்கும் மேற்கு தில்லிக்கும் ஏன் இல்லை? 2025 பருவத்துக்கு ஓர் அணி வீரர்களை எடுக்கச் செலவிட அனுமதிக்கப்பட்ட தொகை 120 கோடி. பத்து அணிகளின் 1,200 கோடியில் 5 விழுக்காடு 60 கோடி. இத்தொகை ஆண்டுதோறும் வீரர்களின் முதல் கிளப்புக்கும் பள்ளிக்கும் பயிற்சியாளருக்கும் போய்ச் சேர்ந்தால், அடுத்த பும்ராவைக் கண்டெடுக்க ஒரு ஜான் ரைட் தற்செயலாக வந்து அமர வேண்டியதில்லை. நடராஜன் தன் ஊரில் தன் பணத்தில் மைதானம் அமைத்து இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறார். ஒரு தனிமனிதர் செய்வதை, செல்வம் கொழிக்கும் வாரியம் விதியாக்கக் கூடாதா?

வாரியம் தனியார் அமைப்பு, அதன் பணம் அதன் விருப்பம் என்ற வாதம் இனியும் செல்லாது. விளையாட்டை வளர்க்கும் அறநோக்குள்ள அமைப்பு என்ற அடிப்படையில்தான் வாரியம் வருமான வரி விலக்கைக் கோருகிறது. ஐபிஎல் வருவாயால் அந்த விலக்கு பறிபோகாது என்று மும்பையில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் தீர்ப்பளித்தது. அறநோக்கு என்றால், அதன் பயன் சென்று சேரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கிரிக்கெட் வாரியத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும், அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளுக்கு மட்டுமே தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று திருத்தப்பட்டதால், வாரியத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை குடிமகனின் கைக்கு எட்டாமலே நின்றுவிட்டது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அமர்ந்திருப்போர் பலர் மாநிலக் கிரிக்கெட் சங்கங்களின் பதவிகளை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் இந்த இடைவெளியை அறியாதவர்கள் அல்ல. அடைக்க மனமில்லாதவர்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

ரஞ்சி வீரரின் ஊதியம் உயர வேண்டும். களத்தில் இருக்கும் வீரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைய வேண்டும். ஏலத் தொகையில் ஒரு சிறு பங்கு முதல் மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். இம்மூன்றும் வாரியத்தால் அடுத்த பருவத்துக்கு முன்பே செய்யக்கூடியவை. 2008 மார்ச்சில் தில்லி அணி ஒரு வீரரைத் தவறவிட்டது. அந்த இழப்பை இன்றுவரை பேசுகிறார்கள். ஆனால், யாருமே வந்து பார்க்காததால் எந்தத் தேர்வுக்கும் வராமல் போன வீரர்கள் எத்தனை பேர் என்பதை எவரும் பேசுவதில்லை. விதை நெல்லுக்கு விலை கொடுக்காமல் அறுவடையை மட்டும் ஏலம் விடும் நிலம் நெடுநாள் விளையாது.